கம்பி மூன்று காட்டிய வளைவு

அவருக்குக் கை முந்தும், வாய் பிந்தும். ஒருவனை அறைந்துவிட்டு அப்புறம்தான் என்ன சங்கதி என்று கேட்பார். பந்தய மைதானத்தில் அவரிடம் அடி வாங்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். லாயத்தில் வேலை பார்த்த ஒருவனுக்கு முன்பல் இரண்டு போனது அவரால். தீவன லாரி ஓட்டி வந்த ஒருவன் மூன்று நாள் இடது காது கேட்காமல் திரிந்ததும் அவரால். அவர் வாங்கியதும் குறைவில்லை. தாடை ஒரு பக்கம் கோணியிருக்கும். பெட்டைக்குதிரை ஒன்று பின்னங்காலால் வைத்த முத்திரை அது. இடது முழங்கால் மடங்காது. பொலிகுதிரை ஒன்று அவரை லாயச் சுவரோடு வைத்துத் தேய்த்ததில் சில்லு நொறுங்கிப் போனது. "மனுஷன் குடுத்ததெல்லாம் ஆறிப்போச்சு. குதிரை குடுத்ததுதான் நிக்குது" என்பார், ஏதோ குதிரைகளுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிற மாதிரி.

கால் போனவனுக்கு லாயத்தில் என்ன வேலை? போ என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லாததால் கையில் கம்பியைக் கொடுத்தார்கள். பதினோரு வருஷம் ஆகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மைதானத்துக்கு அவர் கம்பியார்.

கம்பி என்றால் வெறும் கம்பி இல்லை. இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புக் கோல், முனை கூர். அதன்மேல் ஏறி இறங்குகிற மாதிரி ஓர் எடைக்கட்டி. கோலைத் தரையில் நட்டு, கட்டியை உச்சிக்குத் தூக்கி மூன்று தடவை விட வேண்டும். கோல் எத்தனை விரற்கடை மண்ணில் இறங்குகிறதோ அதுதான் அன்றைக்குத் தரையின் எண். ஒன்று என்றால் கல். குதிரையின் முன்னங்கால் தெறித்துப்போகும். ஐந்து என்றால் சேறு, கால் மாட்டிக்கொள்ளும். மூன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்.

உள்வேலி நெடுக இருபத்து நான்கு கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்தருகிலும் ஒரு குத்து. முழங்கால் மடங்காத ஆள் என்பதால் இடது கையால் வேலியைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டிக் கம்பியை நடுவார். குத்திய துளையை அப்படியே விட்டுப் போகிற ஆளும் இல்லை. இடுப்பில் ஒரு பை தொங்கும். மணலும் செங்கல் பொடியும் கலந்தது. துளையை நிரப்பி, நல்ல காலின் குதிகாலால் நாலு மிதி மிதித்த பிறகுதான் அடுத்த கம்பம். அவருக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்தவன் விட்டுப்போன துளையை மழை பெருக்கி, அதில் ஒரு குதிரை கால் விட்டு மடங்கியதை அவர் பார்த்திருக்கிறார். "நான் போட்ட ஓட்டையில ஒரு குதிரை விழுந்தா என்னையும் அதே ஓட்டையில போட்டு மூடுங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

வியாழனும் வெள்ளியும் ஒரு சுற்று வந்து, எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். நாலாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுஷன். அவர் எழுதுகிற அந்த ஒரு எண் மறுநாள் அச்சில் வரும். தரை: மூன்று. மழை பெய்தால் மூன்றரை, வெயில் காய்ந்தால் இரண்டரை. மற்ற மைதானங்களில் எண் குரங்கு மாதிரித் தாவுகிறது, நம்முடையது மலை மாதிரி நிற்கிறது என்று மைதானத்தின் செயலாளர் விருந்தாளிகளிடம் பெருமையடிப்பார். அந்தப் பெருமையில் பாதி தனக்குரியது என்று கம்பியார் நினைத்திருந்தார். முழுவதுமே அவருக்குரியது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேன்டீனில் சபை கூடும். சனி, ஞாயிறு ஓட்டங்களை அலசுகிற சபை. டிரெயினர்கள், ஜாக்கிகள், லாயக்காரர்கள், சும்மா இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து நாற்பது பேர் இருப்பார்கள். நடுவில் துப்புக்காரர். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பந்தயப் பத்திரிகைக்கு எழுதுகிறவர். அவர் சொன்ன குதிரை ஜெயித்ததைவிடச் சொல்லாத குதிரை ஜெயித்ததுதான் அதிகம். ஆனாலும் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் டீயைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"மூணாவது ஓட்டம்," என்றார் துப்புக்காரர். "ஆயிரத்து நானூறு மீட்டர், எட்டுக் குதிரை. என் எழுத்து செவலைக்குத்தான். அதுக்கு ஒண்ணாம் கேட். உள்வேலியை ஒட்டிக் கிளம்பி வளைவுல முன்னால வந்துட்டா அப்புறம் அதோட வாலைத்தான் மத்தவங்க பார்க்கணும்."

"சாம்பல் பெட்டையை எழுதலையா?" என்றான் தாடி. சாம்பல் பெட்டைக்கு அவன்தான் டிரெயினர்.

"எழுதுறேன். கடைசியில வந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லும்னு."

"போன வாரம் அது தோத்ததுக்குத் தரைதான் காரணம். தண்ணியை ஊத்தி ஊத்தி வளைவைப் பாழாக்கி வெச்சிருக்காங்க. புல்லைப் பாருங்க, அங்க மட்டும் கரும்பச்சையா நிக்குது."

கம்பியார் மூலையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் காலை நீட்ட வேண்டும், நீட்டினால் யாராவது மிதிப்பார்கள், மிதித்தால் அடிப்பார். அதனால் நிற்பதுதான் எல்லாருக்கும் நல்லது. "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு," என்றார்.

சபை சிரித்தது. தாடியும் வேறு வழியில்லாமல் சிரித்தான்.

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்தான். கம்பியாரின் ஒரே மகளைக் கட்டியவன். ஐம்பது கிலோ எடை. நாலு கிலோ கூடினால் பிழைப்பு போய்விடும் என்பதால் பசியோடே படுத்து எழுந்திருக்கிற ஜாக்கி. செவலைமேல் ஏறப்போகிறவன் அவன்தான். மகள் ஜாக்கிகளுக்குச் சட்டை தைக்கிற கூடத்தில் வேலை பார்த்தாள். அளவெடுக்கப் போன இடத்தில் ஆரம்பித்த கல்யாணம் அது.

"சாக்கு இல்லை மாமா," என்றான் மரியாதையாகவே. "பதினோராவது கம்பம் தாண்டினதும் தரை உள்ள வாங்குது. மேல கெட்டியா இருக்கு. குளம்பு அழுத்தினா அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. புதன்கிழமை செவலை அந்த இடத்துல தானா கால் மாத்திக்கிச்சு. அதுக்குப் பிடிக்கலை."

"கம்பி மூணு காட்டுது மாப்பிள்ளை."

"கம்பிக்குத் தெரிஞ்சதைக் கம்பி சொல்லுது. காலுக்குத் தெரிஞ்சதைக் கால் சொல்லுது."

"பதினோரு வருஷமா மூணு."

"அதுதான் மாமா எனக்கும் புரியலை. உலகத்துல வேற எது பதினோரு வருஷமா மாறாம இருக்கு?"

நாற்பது பேரும் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தாடிக்குக் குஷி தாங்கவில்லை. "மாமனார் மூணுங்கிறார், மாப்பிள்ளை குழிங்கிறார். பாவம் அந்தப் பொண்ணு, யாருக்குச் சோறு போடும்?"

சிரிப்பு ஓய்வதற்குள் மாப்பிள்ளையும் விளையாட்டாக ஒன்று சொல்லிவிட்டான். "அந்தக் கம்பியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க மாமா. கொடி கட்டித் துணி காயப்போடலாம்."

டீ தம்ளர் சுவரில் போய் உடைந்தது. பளார் என்று விழுந்த அடியில் மாப்பிள்ளை பெஞ்சோடு சாய்ந்து, இரண்டு ஆள் மடியில் போய் விழுந்தான். ஐம்பது கிலோ உடம்புக்கு அந்தக் கை அதிகம். எழுந்தபோது உதடு கிழிந்து தாடை வழியாக ரத்தம் இறங்கியது. மாமனார் ஓங்கிய கையை இன்னும் இறக்கவில்லை.

"பயந்தாங்கொள்ளி. குதிரை ஏறப் பயமா இருந்தா என் மக பக்கத்துல உக்காந்து சட்டை தை."

வாங்க போங்க என்று மூன்று வருஷமாகப் பேசிய வாய், நாற்பது பேர் முன்னால் தை என்று சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை உதட்டைப் புறங்கையால் துடைத்தான். "மூணாவது ஓட்டம் நான்தான் ஏறுறேன். எல்லாரும் வந்து பாருங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

கம்பியார் காகிதத்தில் மூன்று என்று எழுதினார். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. கையெழுத்துப் போட்டு, துப்புக்காரர் எண்ணைக் குறித்துக்கொண்டதும் செயலாளர் அறைக்கு அனுப்பினார்.

வீட்டில் மனைவி தட்டை வைத்த வேகத்தில் குழம்பு மேசைமேல் தெறித்தது. சேதி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"உலகத்துல மாமனார் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவாங்க, வாட்ச் போடுவாங்க. நீங்க என்ன போட்டிருக்கீங்க பாருங்க."

"கம்பியைப் பத்திப் பேசினான்."

"கம்பியையே கட்டியிருக்கலாம் நீங்க. நான் ஒருத்தி எதுக்கு?"

மகள் போனில் கூப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். "அப்பா, அவர் இன்சூரன்ஸ் காகிதத்தை எடுத்து மேசைமேல வெச்சிருக்கார். எதுக்குன்னு கேட்டேன், சும்மா தூசி தட்டினேங்கிறார். நீங்க என்ன சொன்னீங்க அவரை?" அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் ஞாயிறு ஓட்டத்துக்கான குதிரை ஒன்றைப் பெரிய பாதையில் ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார்கள். கறுப்புக் குதிரை, நாலு வயசு, நல்ல அகலமான மார்பு. கம்பியார் ஒன்பதாவது கம்பத்தருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை வளைவுக்குள் நுழைந்தது. பத்தாவது கம்பம். பதினொன்று. அதைத் தாண்டி இரண்டு பாய்ச்சல்.

கட்டை முறிகிற சத்தம் ஒன்று கேட்டது. குதிரையின் முன்பாகம் தரைக்குள் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. பின்பாகம் வானத்தில் எழும்பியது. ஏறியிருந்தவன் கல் மாதிரிப் பறந்து வேலியில் மோதினான். தோள்பட்டை எலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. குதிரை தலைகீழாகப் புரண்டு எழுந்தது. எழுந்து, ஓட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்ததால், மூன்று காலில் ஓடவே செய்தது. நாலாவது கால் முழங்காலுக்குக் கீழே தோலில் மட்டும் தொங்கிச் சுழன்றது. அந்தக் காலையும் ஊன்றப் பார்த்தது. ஊன்றுகிறபோதெல்லாம் எலும்பு மண்ணில் குத்தியது.

கம்பியார் நொண்டிக்கொண்டே ஓடிக் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். அது அவரைத் தூக்கி வேலியில் அடித்தது. விடவில்லை. வாயில் வந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு அதன் காதில் ஏதேதோ பேசினார். மனுஷர்களிடம் ஒருநாளும் பேசாத குரல் அது. மிருக டாக்டர் வந்து துப்பாக்கியை நெற்றியில் வைத்தார். சத்தத்துக்குப் பிறகு அத்தனை எடையும் கம்பியார்மேல் சாய்ந்தது. நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே இழுத்தார்கள்.

செயலாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். குதிரையைப் பார்க்கவில்லை, கம்பியாரைப் பார்த்தார். "தரை எப்படி?"

நேற்று அத்தனை பேர் முன்னால் அடித்துச் சொன்ன சொல். முகமெல்லாம் குதிரையின் ரத்தம். "மூணு," என்றார் கம்பியார். "குதிரை தப்படி வெச்சிருக்கு."

"அதுதான் நானும் நினைச்சேன்," என்று சொல்லிவிட்டுச் செயலாளர் ஜீப்பில் ஏறினார்.

குதிரையைச் சங்கிலி கட்டி இழுத்துப் போனபிறகு, குளம்பு கிளப்பிய பள்ளத்தை மூட அவர்தான் நின்றார். பையிலிருந்து ஒரு பிடி மணலைப் போட்டார். போட்ட மணல் நிற்கவில்லை. இன்னொரு பிடி போட்டார். அதுவும் போனது. குனிய முடியாத ஆள், வேலியைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து பள்ளத்துக்குள் கையை விட்டார். நாலு விரற்கடைக்கு மண்ணும் புல்வேரும். அதற்குக் கீழே கை சில்லென்று தண்ணீரில் போனது. தோள்வரை போனது.

எழுந்து கம்பியை எடுத்து, வழக்கமாகக் குத்துகிற இடத்தில் குத்தினார். கட்டியை மூன்று தடவை விட்டார். மூன்று. ஓர் எட்டு வெளியே தள்ளிக் குத்தினார். முதல் தடவை விட்டதுமே கம்பி கைப்பிடி வரைக்கும் இறங்கி, அவர் கையே தரையில் மோதியது.

பழைய இடத்தை விரலால் கிளறிப் பார்த்தார். அங்கே மண் இல்லை. மணலும் செங்கல் பொடியும்தான் இருந்தது. ஒரு சாண் அகலத்துக்கு, கை நீளத்துக்கு, கல்தூண் மாதிரி இறுகிக் கிடந்தது. பதினோரு வருஷமாக இடது கை பிடித்த அதே வேலி, வலது கை எட்டிய அதே இடம். குத்தியதும் அவர், நிரப்பியதும் அவர், மிதித்ததும் அவர். கம்பி அளந்தது மைதானத்தை இல்லை; அவருடைய பையையும் குதிகாலையும்தான். அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து எத்தனை மாதமாக மண்ணை அரித்துக்கொண்டிருந்ததோ, அந்தத் தூண் மட்டும் அசையாமல் நின்று மூன்று, மூன்று என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்குத் தெரிந்துவிட்டது. செயலாளர் அறை வாசலுக்குப் போய், அவருடைய ஜீப் திரும்பி வரும்வரை காத்து நின்றார்.

செயலாளர் அறையில் கோட்டுப் போட்ட விருந்தாளிகள் நாலு பேர் இருந்தார்கள். முதல் ஓட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். ரத்தச் சட்டையோடு உள்ளே வந்தவரைப் பார்த்து ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"மூணாவது ஓட்டத்தை நிறுத்துங்க சார். வளைவு பூரா உள்ள காலி. முதல் ரெண்டும் நேர்ப்பாதை, அது ஓடட்டும். வளைவுல ஒரு குதிரை போகக் கூடாது."

செயலாளர் மேசைமேல் இருந்த காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான். தப்பு."

"காலையில குதிரை செத்துக் கிடக்கும்போதும் நீதானே மூணுன்னே? இப்ப உன் மாப்பிள்ளை ஏறுற ஓட்டத்துக்கு மட்டும் தரை கெட்டுப்போச்சா? நேத்து அடிச்சே, இன்னைக்கு அவன் பொண்டாட்டி வந்து அழுதிருப்பா. வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்க."

"வந்து ஒரு தடவை காலை வெச்சுப் பாருங்க சார்."

"கேட் திறந்தாச்சு. ஜனம் வந்தாச்சு. போ."

கை முந்தியது. செயலாளரின் கோட்டுக் கழுத்தைப் பிடித்து மேசைமேல் இழுத்துவிட்டார். காகிதம், மைக்கூடு, செயலாளரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் தரையில் கிடந்தன. காவல்காரர்கள் மூன்று பேர் வந்து, முழங்கால் என்று தெரிந்தே அந்த முழங்காலில் உதைத்து, படிக்கட்டு வழியாக உருட்டிவிட்டார்கள். கம்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஜாக்கிகள் அறைக்கு வெளியாள் போக முடியாது. பின்பக்கம் கம்பி போட்ட ஜன்னல் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். மாப்பிள்ளை வந்தான். உதடு வீங்கியிருந்தது. மகள் தைத்த மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தான்.

"ஏறாதீங்க மாப்பிள்ளை. கம்பி தப்பு."

"எனக்குத் தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா ஏறுறீங்க?"

"நேத்து நீங்க அடிக்காம இருந்திருந்தா ஏறியிருக்க மாட்டேன். தரை சரியில்லைன்னு சொல்லிட்டு இறங்கியிருப்பேன், நாலு பேர் திட்டியிருப்பாங்க, போயிருக்கும். நீங்க நாப்பது பேருக்கு முன்னால பயந்தாங்கொள்ளின்னீங்க. இன்னைக்கு இறங்கினா இனி எந்த டிரெயினரும் எனக்குக் கழுதைகூடக் குடுக்க மாட்டான்." கொஞ்சம் நிறுத்தினான். "வளைவுல வெளியில தள்ளி ஓட்டிப் பார்க்குறேன்."

"உங்களுக்கு ஒண்ணாம் கேட். வெளியில ஏழு குதிரை நெருக்கிட்டு வரும். எங்க விடுவாங்க உங்களை?"

"அதுவும் தெரியும்," என்றான் மாப்பிள்ளை. உள்ளே மணி அடித்தது. போய்விட்டான்.

கம்பியார் துப்புக்காரரைத் தேடிப் பிடித்தார். பத்திரிகையில் எழுதுகிறவர் சொன்னால் கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை. துப்புக்காரர் பத்திரிகையை விரித்துக் காட்டினார். "அச்சாயிடுச்சுண்ணே. தரை மூணு. செவலை முதல். நான் இப்ப மாத்திச் சொன்னா ஜனம் என்னைத்தான் கிழிக்கும்."

முதல் ஓட்டம் முடிந்தது. கூட்டம் கத்தி ஓய்ந்தது. இரண்டாவது ஓட்டத்துக்குக் குதிரைகள் கிளம்பியபோது, கம்பியார் தோட்டக்காரர்களின் கொட்டகையை உதைத்துத் திறந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எல்லார் கண்ணும் நேர்ப்பாதையில் இருந்தது. வளைவுக்கு அவர் வந்து சேர்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே மனுஷன் குழி பறித்தார். முதல் குத்திலேயே புல்தரை அப்பளம் மாதிரி உடைந்தது. உடைந்த வாய்க்குள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். பாளம் பாளமாக மண் உள்ளே விழுந்து தண்ணீரில் சத்தம் போட்டது. முழங்கால் மடங்காததால் உடம்பு மொத்தத்தையும் கடப்பாரைமேல் சாய்த்துச் சாய்த்துக் குத்தினார். காலையில் வேலியில் அடிபட்ட விலா ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே குத்தியது. ஆறடி நீளத்துக்கு வாய் பிளந்தபோது ஒலிபெருக்கியில் யாரோ அவரைத் திட்டினார்கள்.

காவல்காரர்கள் ஐந்து பேர் தடியோடு ஓடிவந்தார்கள். பின்னால் தாடி வந்தான். வேலி ஓரத்துக் கூட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் தாண்டிக் குதித்தார்கள்.

"கிட்ட வராதீங்கடா," என்றார். வந்தார்கள். கடப்பாரையைப் படுக்கையாகப் பிடித்து முதலாமவன் மார்பில் தள்ளினார். அவன் மல்லாந்தான். இரண்டாமவன் தடி அவர் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்தது அவருக்கே கேட்டது. கடப்பாரை நழுவியது. அப்புறம் அடி எங்கிருந்து வந்தது என்று கணக்கில்லை. முதுகில், காதில், கோணிய தாடையில். "நம்ம ஓட்டத்தைக் கெடுக்கிறியா" என்று ஒருவன் செருப்புக் காலால் முகத்தை மிதித்தான். அவர் குழியின் விளிம்பைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அதிலிருந்து அவரை இழுத்தால் மூடிவிடுவார்கள் என்ற பயம். "மூடாதீங்க, மூடாதீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

தடி ஓங்கிய காவல்காரன் ஒருவன், நன்றாக வீசுவதற்காக இரண்டு எட்டுப் பின்னால் வைத்தான். கம்பியார் தொடாத இடம் அது. பச்சைப் புல் அவன் காலடியில் சத்தமில்லாமல் திறந்தது. ஒரு கால் இடுப்புவரை உள்ளே போனது. மற்றது மேலே கோணலாக மடங்கிக்கொண்டது. தடியைப் போட்டுவிட்டு அவன் அலறிய அலறலில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். ஒருவனுக்கும் அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தாடி அப்படியே சிலையாகி, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செயலாளரின் ஜீப் வந்தது. அவர் இறங்கவில்லை. படியில் நின்று, இடுப்புவரை புதைந்து அலறுகிற ஆளைப் பார்த்தார், குழியில் புரள்கிற தண்ணீரைப் பார்த்தார். அறையில் கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியின் ஒரு சில்லு உடைந்திருந்தது. "நிறுத்தச் சொல்லு," என்றார் டிரைவரிடம், மெதுவாக.

ஒலிபெருக்கி மூன்றாவது ஓட்டம் ரத்து என்று சொன்னதுதான் தாமதம், மைதானம் எரிந்தது. நாற்காலிகள் பறந்தன. பாட்டில்கள் வேலியில் உடைந்தன. செவலை நிச்சயம் என்று வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆள் வளைவில் கிடந்தார். குழியைப் பற்றி அவர்களுக்கு என்ன? கல்லும் கையுமாக ஓடிவந்தார்கள்.

அதற்குள் மஞ்சள் சட்டை ஒன்று அவர்களுக்கு முன்னால் வந்து குதித்தது. மாப்பிள்ளை செவலையை லாயக்காரனிடம் விட்டுவிட்டு, தரையை நம்பாமல் வேலியின் மேலேயே ஓடி வந்திருந்தான். மாமனாரின் இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றான். கையில் சவுக்கு இருந்தது. முதலில் வந்தவனின் முகத்தில் குறுக்காக ஒன்று போட்டான். அடுத்தவனின் கல் பிடித்த விரல்களில் ஒன்று. ஒரு கல் அவன் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் இறங்கிய ரத்தத்தோடு வீசிக்கொண்டே இருந்தான். ஐம்பது கிலோதான். ஆனால் ஓடுகிற குதிரைமேல் நின்று பழகிய கால், ஓரங்குலம் நகரவில்லை. போலீஸ் வண்டி வரும்வரை ஒருவனும் கிழவரைத் தொடவில்லை.

ஆம்புலன்ஸில் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கம்பியாரின் வலது கையில் பலகை கட்டியிருந்தது. ஒரு கண் மூடிப்போயிருந்தது. மாப்பிள்ளை நெற்றியில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மகள் போனில் வந்தாள். மாப்பிள்ளை, "ஏறலை... இல்ல, ஏறலைன்னு சொல்றேன்ல... உங்கப்பாதான்," என்று சொல்லிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இருக்கார். வாயில பல்லு கொஞ்சம் கம்மி," என்றான்.

கதவைச் சாத்துவதற்குள் துப்புக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார். சட்டை கிழிந்திருந்தது. அவரையும் ஜனம் ஒரு கை பார்த்திருந்தது. ஆனாலும் நோட்டும் பேனாவும் கையில் இருந்தன.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை பேப்பருக்கு ஆபீஸ்ல காத்துட்டு இருக்காங்க. தரைக்கு என்ன எண் போட?"

கம்பியார் ரத்தத்தை விழுங்கினார். பேசுவதற்குத் தாடை ஒத்துழைக்கவில்லை. இடது கையைத் தூக்கிப் பக்கத்தில் இருந்தவனைக் காட்டினார்.

"மாப்பிள்ளையைக் கேட்டு எழுது."

துப்புக்காரர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்திக்கொண்டான்.

"பதினோராவது கம்பத்துல ஒரு குதிரையும் ஒரு ஆளும் உள்ள போயாச்சுன்னு எழுதுங்க," என்றான். "எண் வேண்டாம்."